இடது கைக்கு வந்த முதல் வட்டு

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கைதட்டிவிடுகிறார்கள். பனியில் சறுக்கப் பழகும் குழந்தை விழுந்தால் கைதட்டு, எழுந்தால் கைதட்டு. பதினாறு வயசுத் தடியன் ஒருவன் நாலு கோல் விட்டுவிட்டு வெளியே வருகிறான், "பரவாயில்லடா கண்ணா, நல்லா முயற்சி பண்ணினே" என்று அம்மாக்காரி தோளைத் தட்டுகிறாள். கோல்கீப்பருக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளர். கண்ணுக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர். முகமூடி முழுக்கப் புலியும் பாம்பும் தீட்டி வைத்திருக்கிறான்கள். அதற்குப் பின்னால் ஒரு மூக்கு இருக்கிறது, இதுவரை எவனும் அதைத் தொட்டதில்லை.

டன்மோர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் முன்கூடத்தில், உருளை வறுவலும் வினிகரும் மணக்கிற இடத்தில், சுவரில் அன்றைக்குத்தான் மாட்டிய தன் படத்துக்கு முன்னால் நின்று இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார் வில்ஹோ காங்காஸ். வயது எண்பத்து நாலு. அவர் மூக்கு மூன்று இடத்தில் வளைந்தது. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி உதடு வரைக்கும் ஒரு பள்ளம். மழித்தாலும் அதற்குள் கொஞ்சம் நரைமயிர் தங்கிவிடும்.

கெய்லா என்ற பெண் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினாள். ஊர் விளையாட்டுக் குழுவில் இருக்கிறவள். முப்பது வயதிருக்கும், நல்ல பெண்தான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு இறுதி ஆட்டத்துல, எதிரணி கோல்கீப்பருக்கு எதிர்பாராம அடிபட்டப்போ, நம்ம வில்ஹோ ஐயா தானா முன்வந்து அவங்களுக்கு உதவினாங்க. அதுதாங்க விளையாட்டு உணர்வு. அன்னைக்கு ஊரே அவங்க பின்னால நின்னுச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊர் பின்னால் நின்றது வாஸ்தவம்தான் என்று வில்ஹோ நினைத்துக்கொண்டார். நின்றவர்களில் ஒருத்தி ஊசியால் குத்தினாள்.

இந்தக் கூத்துக்காக அவர் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வரவில்லை. சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அனுப்பியவன் ரெய்னோ லெஹ்தினன், அவர் மனைவி இர்யாவின் அண்ணன். அறுபத்து நாலு வருஷத்தில் அவனிடமிருந்து வந்த முதல் கடிதம். இரண்டே வரி. 'முதல் வட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மூச்சு இருக்கும்போதே வா.'

பன்னிரண்டு வருஷம் கோல்கீப்பராகப் பிழைத்தவர் வில்ஹோ. ஏழு ஊர், எட்டு அணி. எத்தனை தடுத்தார், எத்தனை விட்டார் என்று அவருக்கே தெரியாது. வாங்கிய அடியில் தலைக்குள் எல்லாம் கலங்கிப்போயிற்று. தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், முதல் வட்டு. பந்துக்குப் பதில் ஐஸில் அடிக்கிற கறுப்பு ரப்பர் வில்லை. அதை அவருடைய இடது கை பிடித்தது. யாரும் சொல்லாமல், அவரே சொல்லாமல், கை தானாகப் போய்ப் பிடித்தது. பிறகு வந்த நல்லதும் கெட்டதும் அந்தக் கையிலிருந்து வந்தவை. யார் என்ன சொன்னாலும் அது தன்னுடையது என்று பிடித்துக்கொண்டே இத்தனை காலம் இருந்துவிட்டார். அதைப் பற்றி இவன் என்னத்தைச் சொல்லப்போகிறான்?

*

அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஒரே கோல்கீப்பர். சும்மா உட்காருவதற்கு இன்னொருவனுக்கும் சோறு போட்டு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திரிய யாரும் தயாராக இல்லை. அதனால் ஆட்டம் நடக்கிற ஊர் ஓர் ஆளை இருக்கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். பேடும் ஸ்கேட்டும் மூட்டையாக அவன் காலடியில் கிடக்கும். எந்தப் பக்கத்துக் கீப்பர் விழுந்தாலும் அந்தப் பக்கத்துக்கு அவன் இறங்க வேண்டும். ஊர்க்கீப்பர் என்று பெயர். பெரும்பாலும் இறங்க வேண்டி வராது. கீப்பருக்கு முகம் கிழிந்தால் ஆட்டத்தை இருபது நிமிஷம் நிறுத்தி, தைத்து, திரும்ப நிற்கவைத்து விடுவார்கள். முகமூடி கிடையாது. போட்டவனைப் பேடி என்பார்கள்.

டன்மோரின் ஊர்க்கீப்பர் வில்ஹோ. அப்போது இருபது வயது. வாரத்தில் ஆறு நாள் தங்கச் சுரங்கத்தில் இரண்டாயிரத்து அறுநூறு அடிக்குக் கீழே பாறை துளைத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் அங்கேதான் துளைத்தார். முந்தின இலையுதிர்காலத்தில், தூசி போய் நெஞ்சுக்குள் கல்லாக உறைந்து செத்தார். கடைசி மாதம் முழுக்கப் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் இருமிய மாதிரியே ஒருநாள் காலையில் வில்ஹோவும் இருமினான். அன்றிலிருந்து அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வர வேண்டும், மறுபடி கீழே போகக்கூடாது.

அதற்கு வழி அணியில் இடம் பிடிப்பது. டன்மோர் அணியில் ஆடுகிறவனுக்கெல்லாம் மேலே வேலை. கிடங்கு, லிஃப்ட் இயந்திர அறை, லாரிக் கொட்டகை. யாரை மேலே வைப்பது, யாரைக் கூண்டில் இறக்குவது என்று முடிவு செய்கிறவர் பர்டி. சுரங்கத்தின் கீழ்த்தள மேலாளர் அவர்தான். அணியின் பயிற்சியாளரும் அவர்தான்.

லாக் நுவார் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கே பர்டி இருக்கைக்கு ஏறி வந்தார்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன் சார். மீன் சூப்பு."

"வாந்தி எடுத்துத் தொலைக்காதே. இன்னைக்கு உனக்கு வேலை இருக்கு."

"நம்ம கீப்பருக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"நம்மாளு நல்லாத்தான் இருக்கான். அவங்காளுக்குத்தான் சரியில்லாமப் போகப்போகுது." பர்டி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்கால் மேல் கையை வைத்தார். "அப்புறம் நீ அவனுங்க பக்கம் எறங்குவே. முதல் வட்டு ரெய்னோ அடிப்பான். உனக்கு இடது பக்கம், மேலே. நீ வலது பக்கம் சாஞ்சுக்கோ. அவ்வளவுதான் வேலை. ஒண்ணு போச்சுன்னா அவனுங்க உசிரே போயிடும். திங்கட்கிழமை நீ கூண்டுக்குப் போக வேண்டாம், நேரா லிஃப்ட் அறைக்கு வா. வர்ற வருஷம் இந்த கோலும் உனக்குத்தான்."

"முடியாதுன்னா சார்?"

பர்டி சிரித்தார். "நம்ம ஊர்ல அந்த வார்த்தையை எவன்டா சொல்லியிருக்கான்?"

வில்ஹோ கீழே பார்த்தான். ஐஸில் ரெய்னோ சுற்றிக்கொண்டிருந்தான். டன்மோர் அணியிலேயே குறி தப்பாதவன். அவன் தங்கையைத்தான் வில்ஹோ வரும் கோடையில் கட்டுவதாக இருந்தது. ரெய்னோ ஒரு தடவை மேலே பார்த்தான். உடனே குனிந்து, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த ஸ்கேட் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவனுக்கும் தெரியும் என்று வில்ஹோவுக்குப் புரிந்தது.

நியாயம் அநியாயம் என்றெல்லாம் வில்ஹோ யோசிக்கவில்லை. எவனோ லாக் நுவார்காரன் கோப்பை வாங்குவதற்கு அவன் எதற்குத் தன் நுரையீரலைக் கொடுக்க வேண்டும்? சாய்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

*

ஆளுக்கு இரண்டு கோல். இரண்டாம் பகுதி பாதி ஓடியிருந்தது. வட்டு மூலையில் கிடந்தது. போஹாச் அதைப் பார்க்கவேயில்லை. டன்மோர் அணியில் அவன் வேலை கோல் அடிப்பது இல்லை, ஆளை அடிப்பது. ஐஸில் போட்டிருந்த நீலக்கோட்டிலிருந்து வேகம் எடுத்து வந்தான். லாக் நுவார் கீப்பர் லூசியன் ஒரு முழங்காலை ஊன்றி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போஹாச்சின் முழங்கால் அவன் தாடையில் ஏறியது.

பச்சை மரக்கிளை முறிகிற சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்டது. லூசியனின் பின்தலை இரும்புக் கம்பத்தில் மோதித் திரும்பியது. எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தான். கீல் கழன்ற கதவு மாதிரி தாடை ஒரு பக்கம் தொங்கியது. இரத்தம் ஐஸில் கொட்டி, அந்தக் குளிரில் ஆவி விட்டது. அவன் கூட்டாளி ஒருவன் மண்டியிட்டுப் பற்களைப் பொறுக்கிக் கிளவுசுக்குள் போட்டுக்கொண்டான்.

தற்செயலான மோதல் என்று ரெஃப்ரி கையை விரித்துவிட்டார். அவரும் அன்றைக்கு டன்மோர் ஹோட்டலில்தானே தங்க வேண்டும்.

இதைத் தைத்து நிற்கவைக்க முடியாது. வில்ஹோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரணி அறைக்குள் போனான். அவர்கள் பயிற்சியாளர் கான்யோ அவனை மேலும் கீழும் பார்த்தார். குள்ளமான ஆள், காது இரண்டும் நசுங்கியவை.

"இவனா? இவன் அவனுங்க சுரங்கத்துல வேலை பாக்கறவன்தானே?"

"விதி அதுதான்" என்றார் ரெஃப்ரி.

கான்யோ வில்ஹோவின் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். "தம்பி, கேட்டுக்கோ. அவனுங்க அடிச்சா உன்னை முன்னாலேர்ந்து அடிப்பானுங்க. நீ ஒண்ணை வேணும்னே விட்டேன்னு வை, என் பசங்க பின்னாலேர்ந்து அடிப்பானுங்க. எது வசதின்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

கீப்பர் சட்டை ஒன்றுதான் இருந்தது. லூசியன் உடம்பிலிருந்து கத்தரிக்காமல் உருவி எடுத்திருந்தார்கள். கழுத்திலிருந்து தொப்புள் வரை ஈரம். வில்ஹோ அதைத் தலை வழியாக இழுத்தபோது அடுத்தவன் இரத்தம் அவன் வாயில் பட்டது. ஐஸுக்குப் போவதற்குள் காலர் உறைந்து அட்டை மாதிரி ஆகிவிட்டது.

அவன் நின்ற கோலுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக் கம்பி அடித்த வலைக்கு அந்தப் பக்கம், இரண்டாம் வரிசையில் இர்யா இருந்தாள். அவளுக்கு வழக்கமான இடம். தான் நிற்க வேண்டிய கோல் அவள் பக்கமாக அமையும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

மூன்றே நிமிஷம். ஏற்பாடு செய்துவைத்த மாதிரி ரெய்னோ தனியாக வந்தான். முன்னால் ஒருவரும் இல்லை. இருபதடியில் நின்றான். பேசி வைத்தபடி வில்ஹோ வலது பக்கம் சாய்ந்தான். இடது பக்கம் மேலே முழுசாகத் திறந்து கிடந்தது. ரெய்னோவின் மணிக்கட்டு திரும்பியதை அவன் பார்த்தான். கறுப்பாக ஒன்று எழும்பியது. பிறகு சப்பென்று ஒரு சத்தம்.

பார்த்தபோது இடது கை தோளுக்கு மேலே இருந்தது. கிளவுசுக்குள் வட்டு.

மூவாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. ரெய்னோ மட்டையைப் பிடித்தபடி நின்றான்.

"கை தானா போயிடுச்சு மச்சான்" என்றான் வில்ஹோ மெதுவாக, தெரியாமல் அடுத்தவன் காலை மிதித்துவிட்டவன் சொல்வது போல.

ரெய்னோ திரும்பிப் போனான்.

அடுத்ததையாவது விட்டுவிடலாம் என்று வில்ஹோ நினைத்தது நிஜம். அடுத்ததற்குக் கால் போனது. அதற்கு அடுத்ததற்கு முன்னால் போஹாச் வந்துவிட்டான். மட்டையின் கைப்பிடி முனையை விலாவில் செருகித் திருகினான். வில்ஹோவுக்கு மூச்சு நின்றது. குனிந்தவன் பிடரியில் முழங்கை இறங்கியது. அதன் பிறகு அவன் யோசிக்கவில்லை. பர்டி, லிஃப்ட் அறை, கூண்டு எல்லாம் மறந்துபோயிற்று. எது வந்தாலும் தடுத்தான், எவன் வந்தாலும் அடித்தான். கீப்பர் மட்டை கனமானது. போஹாச் மூன்றாம் தடவை வந்தபோது அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரண்டு கையாலும் வீசினான். போஹாச் மாடு மாதிரி அலறிக்கொண்டு தவழ்ந்து போனான்.

"துரோகி! சுரங்கத்துச் சோத்தைத் தின்னுட்டு அவனுக்கு நிக்கிறியாடா!"

மேலேயிருந்து, பனிக்காக ஷூ மேல் மாட்டுகிற ரப்பர் மேல்ஜோடுகள் வந்து விழுந்தன. பிறகு சுரங்கத்து நட்டும் போல்ட்டும். ஒரு நட்டு அவன் காதைக் கிழித்தது. கம்பிவலைக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஹில்மா நின்றிருந்தாள், சனிக்கிழமைதோறும் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறவள். தொப்பியில் செருகும் நீள ஊசியை உருவி, கம்பி வழியாக அவன் புட்டத்தில் ஏற்றினாள்.

"என் ரொட்டியைத் திங்கும்போது நல்லா இருந்துச்சாடா நாயே?"

"உப்புக் கம்மிக்கா!" என்று கத்தினான் வில்ஹோ, திரும்பாமலே.

மூன்றாம் பகுதியில் லாக் நுவார்காரன் ஒரு கோல் அடித்துவிட்டான். இன்னும் நாலு நிமிஷம். டன்மோர் பெஞ்சில் பர்டி குனிந்து ரெய்னோவின் காதில் ஏதோ சொல்வதை வில்ஹோ பார்த்தான். ரெய்னோ எழுந்து ஐஸில் இறங்கினான். வட்டு அவனிடம் இல்லை. நேராக வந்தான். நின்றான். கோடாலி பிடிப்பது போல இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து, வில்ஹோவின் முகத்துக்குக் குறுக்கே வீசினான்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெளிச்சம். கன்னத்து எலும்பு உள்ளே போனது. வாயில் நாலு கல் இருந்தது. துப்பிப் பார்த்தால் பல். மட்டையின் சிம்பு ஒன்று தோலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கியபோது, மூன்றாம் பகுதிக்குப் பக்கம் மாறியதும் கூடவே மாறி வந்திருந்த இர்யா வலைக்குப் பின்னால் தெரிந்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு, அவனை அல்ல, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறையில் சுரங்கத்து வைத்தியர் தைத்தார். இருபத்தேழு தையல். மரத்துப்போக ஊசி போடவில்லை.

"மருந்து தீந்துபோச்சுப்பா" என்றார். அவரும் டன்மோர்காரர்தானே.

கான்யோ அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிப்பியா?"

வில்ஹோ தலையை ஆட்டினான். ஒரு கண் மூடிவிட்டது. மற்றதை வைத்துக்கொண்டு மிச்ச நாலு நிமிஷம் நின்றான். ஏழு வட்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஒன்றும் போகவில்லை.

மணி அடித்ததும் இரண்டு பெஞ்சும் காலியாகி ஐஸ் முழுக்க ஆட்கள் உருண்டார்கள். அவனை மூன்று பேர் தூக்கிப்போய் லாக் நுவார் பஸ்ஸில் எறிந்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். ஊர் எல்லை வரைக்கும் பனிக்கட்டி வந்து ஜன்னல்களை உடைத்துக்கொண்டே இருந்தது. பஸ் தரையில் அவனும் லூசியனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். லூசியனின் தாடையைத் துண்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. வழி நெடுக வில்ஹோவையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. அணிக்கு ஒரு கீப்பர்தான். அந்த ஒரு வேலைக்கு இரண்டு பேர் ஒரே தரையில் கிடந்தார்கள். விடிந்ததும் கான்யோ வில்ஹோவிடம்தான் கையெழுத்து வாங்கினார். லூசியன் மறுபடி ஆடவேயில்லை.

கோல்கீப்பர் ஆவது அப்படித்தான். இன்னொருவன் தாடை உடைய வேண்டும். அப்புறம் நம்முடையது உடைகிறவரைக்கும் வேலை. இப்போது இதைச் சொன்னால் கெய்லா மாதிரிப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

லாக் நுவாரில் இரண்டு வருஷம். பிறகு கடலோரத்தில் ஓர் ஊர், பிறகு மேற்கே, பிறகு எல்லை தாண்டி. மேல் லீக்கில் மூன்றே ஆட்டம். அவனுக்கு முன்னால் இருந்தவனுக்குக் கண்ணில் அடிபட்டதால் கிடைத்தது, அவன் கண் ஆறியதும் போயிற்று. மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் தையல். இடது கையில் மூன்று விரல் வளைந்து நின்றுவிட்டது. ஒன்பதாம் வருஷம் தாடை உடைந்த பிறகு முகமூடி போட்டான். போட்டவுடன் சொந்த ஆட்களே கோழிக்குஞ்சு மாதிரிக் கத்திக் காட்டினார்கள். பன்னிரண்டாம் வருஷம் இடுப்பு போயிற்று. பிறகு காகித ஆலையில் லாரி ஓட்டினான்.

இர்யா ஒன்றரை வருஷம் கழித்து ஒரு பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினாள். அண்ணனைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. இன்றைக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடினாள்.

*

கூட்டம் காபிக்கு நகர்ந்த பிறகு, சுவரோரமாகச் சக்கர நாற்காலியில் இருந்த ரெய்னோவிடம் போனார் வில்ஹோ. மூக்கில் குழாய், நாற்காலிக்குப் பின்னால் ஆக்சிஜன் உருளை. மடியில், வந்தவர்களுக்கெல்லாம் கெய்லா கொடுத்த நினைவு வட்டு ஒன்று.

"வந்துட்டியா மாப்ளே."

"கூப்பிட்டே, வந்தேன். சொல்லு."

"மூஞ்சி அப்படியே இருக்கு."

"நீ செஞ்சு குடுத்ததுதானே. கெட்டிதான்."

ரெய்னோ சிரிக்கப் போய் இருமினான். அந்த இருமலை வில்ஹோவுக்குத் தெரியும். சின்ன வயசில் அப்பாவின் அறையிலிருந்து கேட்டது.

"அந்த முதல் வட்டு... நீ பிடிக்கலை. நான்தான் உன் கைக்குள்ள போட்டேன்."

வில்ஹோ தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பாரு. இருபதடி. நான் வேலிக் கம்பத்துல பீர் பாட்டிலை வெச்சு நாப்பதடியிலேர்ந்து அடிப்பேன். நீயே பாட்டில் அடுக்கிக் குடுத்திருக்கே. ரெண்டடி அகலத்துக்குத் திறந்து கெடந்துச்சு. நான் விடுவேனா?"

"என் கை போச்சு."

"உன் கை எங்கேயும் போகலை. வலது பக்கம் சாஞ்சா இடது கை தானா மேலே தூக்கும், எல்லாக் கீப்பருக்கும் அப்படித்தான். அதைக் குறி பாத்துப் போட்டேன்."

"எதுக்கு?"

"பின்னால இர்யா உக்காந்திருந்தா." மூச்சு வாங்கினான். "நீ வேணும்னே விடறதை அவ பாக்க வேண்டி வரும். நான் அடிக்கறதையும் பாக்க வேண்டி வரும். முடியலைடா."

"அப்புறம் மூஞ்சில போட்டியே. அப்ப அவ கண்ணை மூடிக்கிட்டாளா?"

"பர்டி கண்டுபிடிச்சுட்டான். வேணும்னே கைக்குப் போட்டேன்னு சொன்னான். அவனை ஐஸ்லேர்ந்து எடு, இல்லேன்னா திங்கட்கிழமை நீ கூண்டுலன்னான். எடுக்கப் பாத்தேன். நீ தெச்சுக்கிட்டுத் திரும்பி வந்து நின்னுட்டே சனியனே." கையைப் பின்னால் கொண்டுபோய் உருளையைத் தட்டினான். "திங்கட்கிழமை எறங்கினேன். முப்பத்தோரு வருஷம்."

வில்ஹோ அவனையே பார்த்தார். அந்தக் குழாய் தன் மூக்கில் இருந்திருக்க வேண்டியது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சாகப்போகிறவன் எதை வேண்டுமானாலும் சொல்லுவான்; எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகப் போகத்தான் பார்க்கிறார்கள்.

"இர்யாவை மண்ணுல வைக்கும்போது என் பக்கத்துல நின்னே. அப்ப வாயில என்ன வெச்சிருந்தே?"

"அவளும் போயி, இதையும் அப்பவே சொன்னா உனக்கு என்ன மிஞ்சும்?"

"இப்ப மட்டும் என்ன மிஞ்சும்?"

 ரெய்னோ மடியிலிருந்த வட்டை எடுத்தான். கண் இமைக்கும் நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பி எறிந்தான், இடது பக்கம், மேலே.

வில்ஹோவின் கை போனது. வளைந்த விரலில் பட்ட வட்டு துள்ளி, அவர் காரை எலும்பில் மோதி, தரையில் உருண்டு வறுவல் கடை மேஜைக்கு அடியில் போய் நின்றது. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"பாத்தியா" என்றான் ரெய்னோ. "பிடிக்கலை."

"போச்சுல்ல? கை போச்சா இல்லையா?"

"போயி என்ன புண்ணியம்?"

"வயசு எம்பத்து நாலுடா. நீ எங்கே குறி வெச்சே?"

"உன் கைக்குத்தான்."

"அப்ப கைக்குள்ள ஏன் நிக்கலை?"

ரெய்னோ வாயைத் திறந்தான். வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது. நீளமாக, நெஞ்சை உலுக்கிக்கொண்டு வந்தது. கெய்லா தண்ணீரோடு ஓடி வந்தாள். வில்ஹோ கொஞ்ச நேரம் நின்றார். இருமல் நின்றதும் சொல்வான் என்று காத்திருந்தார். அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. குனிந்து, ரெய்னோவின் மடியிலிருந்து நழுவிய கம்பளியை எடுத்து அவன் முழங்கால் மேல் போட்டார்.

"ஐயா, படத்துக்குக் கீழே நின்னு ஒரு ஃபோட்டோ..." என்றாள் கெய்லா.

"படம்தான் ஏற்கெனவே இருக்கேம்மா."

வெளியே பனி இறுகிக் கிடந்தது. பூட்ஸுக்கு அடியில் நொறுங்கியது. நடுவிரல் வீங்கத் தொடங்கியிருந்தது, கிளவுஸ் ஏறவில்லை. இருபதடி, ரெண்டடி அகலம், கை தானாகத் தூக்கும் என்கிறான். நின்றார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில் வலது பக்கம் மெல்லச் சாய்ந்து பார்த்தார். இடுப்பு வலித்தது. இடது கை கொஞ்சம் எழும்பியது. ஆனால் தோள் வரைக்கும் இல்லை. தோள் வரைக்கும் நிச்சயமாக இல்லை.

"புளுகுறான்" என்றார், வண்டியைப் பார்த்து நடந்துகொண்டே.